படம் பார்த்தோர் பகர்ந்த தீர்ப்பு

கலை பிறக்கும் இடத்தில் அதனை எடைபோடும் நாவும் பிறக்கின்றது. தமிழில் இதற்குத் தொன்மையான சான்று உண்டு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில், ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறிய மாதவிக்குச் சோழ மன்னன் தலைக்கோற் பட்டமும் 1008 கழஞ்சுப் பொன்னும் அளிக்கின்றான். முதலில் ஆடலைக் கண்டான். பின்னரே அளவு வகுத்தான். இன்று திரைப்படங்களுக்கு மதிப்பெண் இடுவோர் செய்வதும் ஏறக்குறைய அதுவே. ஆயின், கண்டபின் கூறுகின்றனரா, காணுமுன்னே கூறுகின்றனரா? இவ்வினாவை மனத்திற்கொண்டு, தமிழர் படங்களை மதிப்பிட்டு வந்த வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

தமிழ் ஒலித்த முதற் பேசும் படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31-இல் சென்னை கினிமா சென்ட்ரலில் திரையிடப்பெற்றது. அதற்கு இரு நாட்கள் முன்னரே 'சுதேசமித்திரன்' நாளிதழ் அப்படத்தைப் பற்றி எழுதிவிட்டது. நாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் விடை பகர்ந்த படம் அது! எனினும் திரை பேசியது என்னும் வியப்பே அன்று குறைகளை எல்லாம் மறைத்தது.

வியப்புத் தணிந்தபின் ஆராய்ச்சி தோன்றிற்று. 'ஆனந்த விகட'னில் கல்கி அவர்கள் 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் 'ஆடல் பாடல்' பகுதியை எழுதினார். இசையும் நாடகமும் படமும் அங்கே நகைச்சுவையோடு நிறுக்கப்பட்டன. படக்கலையைப் பற்றிப் படித்தவர் எழுதலாகாது என்றிருந்த நாணத்தைப் போக்கியது அவருடைய பேனா. அவரே பின்னர் எழுதிய 'தியாக பூமி', விகடனில் தொடராக வந்து, கே. சுப்ரமண்யம் இயக்கத்தில் 1939-இல் படமாயிற்று. பிறர் படத்தை நிறுத்தவரின் கதையும் தராசில் ஏறியது. அவ்விதழின் அதிபர் எஸ். எஸ். வாசன் அவர்களோ ஜெமினி ஸ்டூடியோவை நிறுவித் தாமே படம் எடுக்கலானார்.

1940-களில் 'பேசும் படம்', 'குண்டூசி' முதலிய சினிமா இதழ்கள் தோன்றி வாசகரைப் பெருக்கின. அதே காலத்தில் ஒரு கசப்பான பாடமும் கிடைத்தது. லட்சுமிகாந்தன் என்பார் 1943-இல் தொடங்கிய 'சினிமா தூது' படங்களை விடுத்து, நடிகர் நடிகையரின் தனிவாழ்வைத் தூற்றியது. பாதிக்கப்பட்டோர் ஆளுநரிடம் முறையிட, அதன் உரிமம் பறிபோயிற்று. அவரோ 'இந்துநேசன்' இதழில் அப்பணியைத் தொடர்ந்தார். 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் அவர் கத்தியால் குத்தப்பட்டு மாண்டார். அவ்வழக்கில் தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் தண்டிக்கப்பட்டனர். இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற வழக்கு மீண்டும் சென்னைக்கே வர, 1947-இல் இருவரும் குற்றமற்றவர் என விடுதலை பெற்றனர். ஓர் உயிர் போயிற்று. இரு பெருங்கலைஞரின் பொன்னான ஆண்டுகள் சிறையில் கழிந்தன. படைப்பை ஆராய்வது வேறு, படைத்தவரைப் பழிப்பது வேறு என்பதை நம்மவர் மிக உயர்ந்த விலை கொடுத்தே கற்றனர்.

எண்ணால் மதிப்பிடும் வழக்கைத் தமிழரிடையே நிலைநாட்டியது ஆனந்த விகடன். 1977-இல் பாரதிராஜாவின் '16 வயதினிலே' நூற்றுக்கு 62½ பெற்றது. பள்ளித் தேர்வில் அவ்வளவு பெறும் மாணவனை எவரும் தோளில் சுமப்பதில்லை. ஆயினும் அப்படத்தின் 62½ பல்லாண்டு கழித்தும் பேசப்படுகின்றது. காரணம் யாது? வழங்கிய கை வாரி இறைக்கும் கையன்று; எண்ணோடு காரணமும் எழுதிய கை. எல்லாப் படத்திற்கும் தொண்ணூறு அளிப்பவரின் தொண்ணூறுக்கு மதிப்பேது?

இவ்வரலாற்றில் நடு அந்தமானின் ரங்கத்தில் வாழும் நமக்கு இடம் யாது எனக் கேட்கலாம். உண்டு அன்பர்காள்! தாயகத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்து இத்தீவுகளில் குடியேறிய தமிழர்க்கும் சென்னைக்கும் இடையே ஏறத்தாழ மூன்று நாள் கப்பற் பயணம். கப்பல் போர்ட் பிளேரில் நின்றபின் ரங்கத்திற்கு மேலும் வழியுண்டு. படத்திற்கு முன்னே படத்தைப் பற்றிய சொல்லே நம்மிடம் வந்து சேர்ந்தது: கடிதத்தில் ஒரு வரி, பழைய இதழில் ஒரு பக்கம், விடுமுறை முடிந்து திரும்பியவர் வாய்மொழி. பிறர் கண்ணால் படம் பார்த்தவர் நாம். சென்னையில் இருப்பவர் விமர்சகர் பொய்த்தால் மறுநாளே நேரில் கண்டு தெளியலாம்; தொலைவில் இருப்பவர்க்கு அவ்வசதி இல்லை. ஆதலின், நேர்மையான கருத்தின் அருமையை நம்மினும் அறிந்தவர் சிலரே.

2020 ஆகஸ்ட் 10-இல் சென்னையையும் அந்தமானையும் இணைக்கும் கடலடிக் கம்பித் தடம் தொடங்கப்பெற்றது. ஏறத்தாழ 2300 கிலோமீட்டர் நீளும் அத்தடத்தில் ரங்கத்தும் ஓர் இடம் பெற்றது. முற்பகற் காட்சி முடியுமுன்னே அதன் தீர்ப்பு நம் கைப்பேசிக்கு வருகின்றது. விரைவு வந்தது, நிதானம் வந்ததா? 2024-இல் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று, படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனங்களைத் தடுக்க வேண்டுமெனச் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடியது. அவ்வாறு தடை விதிக்க நீதிமன்றம் டிசம்பரில் மறுத்தது. கருத்துரைக்கும் உரிமையை அது காத்தது எனலாம். உரிமைக்கு உரிய ஒழுக்கத்தைக் காப்பது எந்த நீதிமன்றத்தாலும் இயலாது. அது நம் கடன்.

ஆகவே, படத்தைப் பற்றிப் பேசுங்கால் மூன்று நெறிகளைக் கைக்கொள்வோம். கண்டபின் கூறுவோம். கலைஞரின் இல்லத்தை விடுத்துக் கலையைக் கூறுவோம். எண்ணைக் கூறினால் காரணத்தையும் கூறுவோம். நம் பிள்ளைகள் ஒரு படத்தை 'நன்று' என்றால் 'ஏன் நன்று?' என வினவுவோம். அவர்கள் தமிழிலேயே விடை கூறட்டும். கடல் கடந்து வாழும் மக்களிடையே மொழி வாழ்வது அத்தகைய உரையாடலில்தான். ஒரு படத்தைப் பற்றி இருவர் மாறுபட்டு, மனம் நோகாமல் வாதிட்டு, நண்பராகவே பிரியக்கூடுமாயின், அதுவும் ஒரு தமிழ்ச் சங்கத் தொண்டே ஆகும்.