ஏஎம்டி டூப்ளிகேட்டா? ஒரு பழைய பாக்கி

வழக்கம்போல நீளமான பதிவுதான். காபியைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் வீட்டில் ஒரு சண்டை. 2026 ஜனவரியில் தொடங்கிய ‘உலகம் உங்கள் கையில்’ திட்டத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அரசு மடிக்கணினி கொடுத்தது அல்லவா? என் மகள் வழிப் பேத்திக்கும் தம்பி வழிப் பேரனுக்கும் கிடைத்தது. இருவரும் வேறு வேறு கல்லூரி. இரண்டிலும் 8 ஜி.பி. ராம், 256 ஜி.பி. சேமிப்பு. பிராசசர் மட்டும் வேறு. அவனுடையதில் இன்டெல் ஐ3, இவளுடையதில் ஏஎம்டி ரைசன் 3. (செயலி என்று எழுதினால் வாட்ஸ்அப்பைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறீர்கள். அதனால் பிராசசர் என்றே எழுதுகிறேன்.)

“உன்னுது டூப்ளிகேட்” என்று சொல்லிவிட்டான் பையன். பேத்தி சாப்பிடாமல் எழுந்து போய்விட்டாள். “மாத்திக் கொடுப்பாங்களா தாத்தா? நான் மூணு வருஷம் இதுலதான் புரோகிராம் எழுதணும்” என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. காரணம், 2001இல் அதே வார்த்தையை அதே கம்பெனியைப் பற்றி நான் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பாவத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில், இந்த டூப்ளிகேட் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

இன்டெல் 1968 ஜூலையில் தொடங்கப்பட்டது. ஏஎம்டி 1969 மே 1 அன்று. இரண்டையும் தொடங்கியவர்கள் கலிபோர்னியாவில் ஃபேர்சைல்ட் என்ற ஒரே கம்பெனியிலிருந்து வெளியே வந்தவர்கள். ஒரு வீட்டுப் பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1981இல் ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தபோது அதற்கு இன்டெல்லின் 8088 பிராசசரைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் ஒரு நிபந்தனை. இதே சில்லை இன்னொரு கம்பெனியும் செய்து தர வேண்டும். கல்யாணத்துக்கு வாழையிலை சொல்பவர் ஒரே வியாபாரியை நம்புவாரா? அவர் வண்டி கவிழ்ந்தால் பந்தி என்னாவது? அதே கணக்குதான். 1982இல் இன்டெல்லும் ஏஎம்டியும் ஒப்பந்தம் போட்டன. இன்டெல் வரைந்ததை ஏஎம்டியும் செய்து விற்கலாம். அதாவது ஏஎம்டி நகலெடுத்தது உண்மை. வாடிக்கையாளர் கேட்டு, உரிமையாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நகல் அது.

1985இல் 386 வந்தபோது இன்டெல் அந்த வரைபடத்தைத் தர மறுத்தது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஏஎம்டி சொந்தமாகவே ஒரு 386 செய்து 1991இல் வெளியிட்டது. இன்டெல்லின் 386 டிஎக்ஸ் 33 மெகாஹெர்ட்ஸில் நின்றபோது ஏஎம்டியுடையது 40இல் ஓடியது. ‘386’ என்ற எண்ணை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டதால் இன்டெல் எண்ணை விட்டுப் பெயருக்கு மாறியது. 1993இல் வந்த அந்தப் பெயர்தான் பென்டியம்.

கணக்கு வாத்தியார் பென்டியத்தைச் சும்மா கடந்து போக முடியாது. 1994இல் அமெரிக்காவில் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். 3, 5, 5, 7, 11, 13 என்று இரண்டு வித்தியாசத்தில் வருமே, அந்த ஜோடிகள். விடை ஒத்துவரவில்லை. தன் புரோகிராமைச் சந்தேகப்பட்டார், மற்ற பாகங்களைச் சந்தேகப்பட்டார், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விலக்கிய பிறகு கடைசியில் பிராசசரையே சந்தேகப்பட்டார். அவர் சந்தேகம் சரி. பென்டியம் வகுத்தலுக்கு உள்ளே ஒரு வாய்ப்பாடு வைத்திருந்தது. அதில் இருக்க வேண்டிய 1,066 இடங்களில் ஐந்து விட்டுப்போயிருந்தன. 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டும். பென்டியம் 1.33373 என்றது. அந்த விடையை மறுபடி 3145727ஆல் பெருக்கி முதல் எண்ணிலிருந்து கழித்தால் பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் 256 வந்தது! வகுத்தலைப் பெருக்கிச் சரிபார் என்று உங்களை எத்தனை முறை திட்டியிருப்பேன். சாதாரண ஆளுக்கு இந்தப் பிழை தட்டுப்படவே தட்டுப்படாது என்று முதலில் சமாளித்த இன்டெல், அந்த டிசம்பரில் கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றித் தருவதாக அறிவித்தது. அதற்காக 47.5 கோடி டாலரைக் கணக்கில் எழுதியது. ஒரிஜினலிலும் தப்பு வரும்.

இங்கே ஒரு சுவையான கிளைக்கதை. பென்டியத்தை முன்னின்று உருவாக்கியவர்களில் ஒருவர் வினோத் தாம். புனேயில் பிறந்து தில்லியில் பொறியியல் படித்தவர். ‘பென்டியத்தின் தந்தை’ என்று நம் பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின. அவர் 1995இல் இன்டெல்லை விட்டு நெக்ஸ்ஜென் என்ற சிறிய கம்பெனிக்குப் போனார். அந்தக் கம்பெனியை ஏஎம்டி வாங்கியது. நெக்ஸ்ஜெனின் வரைபடம்தான் 1997இல் ஏஎம்டி கே6 ஆக வெளிவந்து பென்டியத்தோடு மோதியது. ஒரிஜினல் வீட்டில் சமைத்தவரே டூப்ளிகேட் வீட்டிலும் சமைத்தார் என்றால் எந்தச் சோறு ஒரிஜினல்?

2000 மார்ச் 6 அன்று ஒரு கிகாஹெர்ட்ஸ் கோட்டை முதலில் தொட்டது ஏஎம்டியின் ஆத்லான். இன்டெல் இரண்டு நாள் கழித்துத் தொட்டது. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஊரில் கம்ப்யூட்டர் பற்றி என்னிடம்தான் வந்து கேட்டார்கள்.

இனி அந்தப் பாவம். 2001 ஜூன் மாதம். கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து ஒரு மாணவனின் அப்பா வந்தார். மல்லாட்டை போட்டுப் பிழைக்கிற குடும்பம். பையனுக்குப் பொறியியல் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. வீட்டம்மாவின் இரண்டு வளையலை அடகு வைத்துப் பணம் புரட்டியிருந்தார். சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் எழுதி வாங்கிய இரண்டு விலைச்சீட்டை என் முன்னால் வைத்தார். ஒன்று 700 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் செலரான். இன்னொன்று அதே 700 மெகாஹெர்ட்ஸ் ஏஎம்டி டியூரான், விலை குறைவு. “ஏஎம்டி வேண்டாங்க. டூப்ளிகேட். நம்ம ஊர் வெயிலுக்குச் சூடாகிப் போயிடும்” என்றேன். நான் அதுவரை ஒரு ஏஎம்டி கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். செலரானை வாங்கினார். பணம் பற்றாமல் 128 எம்.பி. ராமை 64ஆகக் குறைத்துக்கொண்டார்.

இன்று கணக்குப் பார்த்தால் தெரிகிறது. அந்தச் செலரான் தன் பலகையோடு பேசும் வழி 66 மெகாஹெர்ட்ஸ். டியூரானுக்கு அது 200க்குச் சமம். பெயரில்தான் இரண்டும் 700. அதிகப் பணம் வாங்கிக் குறைந்த வேகத்தையும் பாதி ராமையும் அந்தக் குடும்பத்தின் தலையில் கட்டியது நான். கடைக்காரர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

அந்த வருஷம் செப்டம்பரில் வெளிநாட்டார் ஒரு சோதனை செய்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும் பிராசசரின் தலையிலிருந்து குளிர்விப்பானைக் கழற்றினார்கள். பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது. ஆத்லான் புகைந்து செத்தது. படித்துவிட்டு, “நான் அப்பவே சொன்னேன் பார்” என்று ஆசிரியர் அறையில் பெருமையடித்தேன். ஓடும்போது குளிர்விப்பானைக் கழற்றுகிறவன் திருவண்ணாமலையில் எவன் இருக்கிறான் என்று யோசிக்கவில்லை. 2004இல் வந்த பென்டியம் 4 வகை 100 வாட்டைத் தாண்டிச் சூடானபோது அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இப்போது முக்கியமான இடம். 2000க்குப் பிறகு உலகம் 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு மாற வேண்டியிருந்தது. 32 பிட்டில் 4 ஜி.பி. நினைவகத்துக்கு மேல் நேராக எட்டுவது கஷ்டம். இன்டெல் பழைய வழியை விட்டுவிட்டு, ஹெச்.பி. நிறுவனத்தோடு சேர்ந்து இட்டானியம் என்று புதிதாக ஒன்று செய்தது. பழைய புரோகிராம்கள் அதில் தள்ளாடின. ஏஎம்டி அதே பழைய மொழியையே 64 பிட்டுக்கு நீட்டி 2003இல் வெளியிட்டது. பழையதும் ஓடியது, புதியதும் ஓடியது. 2004இல் இன்டெல் அந்த ஏஎம்டி வழியையே தன் பிராசசர்களிலும் ஏற்றுக்கொண்டது. ஆக, நகலெடுத்தவரிடமிருந்து ஒரிஜினல்காரர் நகலெடுத்தார். இதுவும் கள்ளத்தனம் இல்லை. ஒருவர் காப்புரிமையை மற்றவர் பயன்படுத்தலாம் என்று இருவருக்கும் ஒப்பந்தம் உண்டு.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் போனில் ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தார். பேரனைக் கூப்பிட்டு அவனுடைய இன்டெல் மடிக்கணினியிலேயே அந்தக் கறுப்புத் திரையைத் திறக்கச் சொன்னேன். ‘உன் பிராசசர் என்ன வகை’ என்று விண்டோஸைக் கேட்கும் கட்டளையை அடித்தான். திரையில் வந்த விடை: ஏஎம்டி64. இரண்டு முறை அடித்துப் பார்த்தான். பேத்தி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிற்பாடு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2006இல் இன்டெல்லின் கோர் 2 வந்து ஏஎம்டியை முந்தியது. 2011இல் ஏஎம்டி கொண்டுவந்த புல்டோசர் பெயருக்குத்தான் புல்டோசர். 2015இல் ஏஎம்டியின் ஒரு பங்கு இரண்டு டாலருக்கும் கீழே போனது. தைவானில் பிறந்த லிசா சூ 2014இல் பொறுப்பேற்று, 2017 மார்ச்சில் ரைசனைக் கொண்டுவந்தார். பத்து வருஷமாகச் சாதாரண மேசைக் கணினிக்கு நான்கு கோருக்கு மேல் தராத இன்டெல், அந்த அக்டோபரிலேயே ஆறு கோர் தந்தது. நமக்கு லாபம்.

சரி, வீட்டில் இருக்கிற இரண்டில் எது மேல்? பெயரைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள். உதாரணத்துக்கு ரைசன் 3 7320யு. 2022இல் வெளிவந்தது. மூன்றாவது இலக்கம் 2 என்றால் உள்ளே இருக்கும் வடிவமைப்பு 2019இன் ஜென் 2. அதே 2022இன் ஐ3 1215யுவில் இரண்டு பெரிய கோர், நான்கு சிறிய கோர். இந்த இரண்டு எண்களை ஒப்பிட்டால் ஐ3தான் வேகம். எண் மாறினால் தீர்ப்பும் மாறும். கட்டுரை அடிக்க, எக்செல் போட, புரோகிராம் பழக, ஆன்லைன் வகுப்புக்கு இரண்டில் எதுவும் போதும்.

விளையாட்டு வேறு விஷயம். அதில் பாரத்தைச் சுமப்பது பெரும்பாலும் கிராபிக்ஸ். இந்த மடிக்கணினிகளில் அதற்குத் தனி நினைவகம் கிடையாது, ராமிலிருந்து கடன் வாங்கித்தான் படம் போடுகிறது. உங்கள் மாடலில் இன்னொரு ராம் போட இடம் காலியாக இருந்தால், அதை நிரப்புவது பிராசசர் பெயரைவிட அதிகம் உதவும். ஏஎம்டி 2022இல் வெளியிட்ட 5800எக்ஸ்3டி என்ற மேசைக் கணினி பிராசசர், 96 எம்.பி. கேஷை அடுக்கி வைத்தே விளையாட்டில் பெயர் வாங்கியது. கேஷ் என்பது அடுப்படியில் இருக்கும் அஞ்சறைப்பெட்டி. ராம் என்பது தேரடி வீதிக் கடை. வேங்கிக்காலிலிருந்து பௌர்ணமி அன்று தேரடி வீதிக்குப் போய்க் கடுகு வாங்கி வந்து தாளிக்க முடியுமா? கடுகு கையெட்டும் தூரத்தில் இருந்தால் அடுப்பு காத்திருக்காது. அவ்வளவுதான் சூட்சுமம். பேரனின் ஐ3யிலும் சரி, பேத்தியின் ரைசன் 3லும் சரி, அவ்வளவு பெரிய பெட்டி கிடையாது. அதைச் சொன்னதும் பையனின் முகம் தொங்கிவிட்டது.

பேத்தி மாற்றித்தரக் கேட்டு எழுதிவைத்திருந்த கடிதத்தைக் கிழித்துவிட்டாள். நேற்றிரவு பதினொரு மணிக்கு பைத்தானில் பகா எண்களைத் தேடும் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள்.

அந்த 2001 மாணவர் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறார். பெயர் சொல்லப்போவதில்லை. தம்பி, அந்த வளையலை எப்போது மீட்டீர்கள் என்று நான் கேட்டதே இல்லை. அப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டு. கார்த்திகை தீபத்துக்கு ஊருக்கு வரும்போது அவரையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வா. கலெக்டர் ஆபீஸ் தாண்டி, அதே பழைய வீடுதான்.