கடனில் எழுதப்பட்ட கம்பளி

தை மாதம் நெருங்கினால் போதும், நுவரெலியாப் பக்கம் கேம்பிங் போக நம்ம ஆக்கள் கிளம்பிடுவாங்க. அப்போது கட்டாயம் ஒரு கேள்வி வரும்: ஸ்லீப்பிங் பேக் இல்லாம ராவைக் கழிக்கலாமா? கழிக்கலாம். இதே மலைகளில் இருநூறு வருசத்துக்கு முன்பு வந்து சேர்ந்தவர்கள் அப்படித்தான் கழித்தார்கள். ஆனால் அவர்கள் அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் நாங்கள் கதைக்க வேண்டும்.

1820களில் கம்பளைப் பக்கம் காப்பித் தோட்டங்கள் தொடங்கின. வேலைக்கு ஆட்கள் தென்னிந்தியாவில் இருந்து வந்தார்கள். திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் என்று எல்லாம் வெக்கை பூமி. படகில் மன்னார்க் கரைக்கு வந்து இறங்கி, அங்கிருந்து மதவாச்சி, மிஹிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை நடை. தலைமன்னாரில் இருந்து கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 250 கிலோமீற்றர். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 2023இல் மலையக மக்களின் 200 ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் இந்தப் பாதையைத்தான் மறுபடி நடந்து காட்டினார்கள்.

உலர் வலயக் காட்டில் உடுத்திருந்த பருத்தித் துணி போதும். மாத்தளை தாண்டி ஏறத் தொடங்கினால் கதை வேற. ஒவ்வொரு 1000 மீற்றர் உயரத்துக்கும் வெப்பநிலை 6 பாகைக்கு மேல் இறங்கும். அத்தோட காப்பிப் பழம் பறிக்கிற முக்கியமான காலம் ஆண்டின் கடைசி மாதங்கள். மழை, காற்று, குளிர் மூன்றும் ஒன்றாக வந்து சேர்கிற நேரம்.

இரவில் உடம்புச் சூட்டைக் களவெடுக்கிறது முக்கியமா மூன்று. முதலாவது நிலம்: வெறுந்தரையில் படுத்தால் மேலே எவ்வளவு போர்த்தினாலும் சூடு கீழே இறங்கிடும். இரண்டாவது காற்று. மூன்றாவது ஈரம்: நனைந்த பருத்தித் துணி உடம்பில் ஒட்டிக்கொண்டு, காய்வதற்கு நம்ம சூட்டையே எடுத்துக்கொள்ளும். ஸ்லீப்பிங் பேக் செய்கிற வேலை பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. அசையாத காற்றை உடம்பைச் சுற்றிப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான்.

அது இல்லாதவர்கள் கையில் கிடைத்ததை வைத்து அதே வேலையைச் செய்தார்கள். ஆரம்ப கால லயங்கள் மண் சுவர், புல் கூரை, மண் தரை. அந்தத் தரையில் சாக்கும் பாயும் விரித்து, ஒரே காம்பிராவில் பலர் நெருங்கிப் படுத்தார்கள். அடுப்பை உள்ளேயே எரிய விட்டார்கள். புகைபோக்கி கிடையாது. சூடு வேண்டும் என்றால் புகையையும் சேர்த்து இழுக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தது கம்பளி. வெள்ளைக்காரத் துரைமார் "கம்ளி" என்று எழுதி வைத்ததும் நம்ம இந்தச் சொல்லைத்தான். முரட்டு ஆட்டு மயிரில் நெய்தது. நனைந்தாலும் ஓரளவு சூட்டை விடாது. இரவில் போர்வை, பகலில் மழைக்குத் தலையில் போடும் கொங்காணி.

இந்தக் கம்பளி இனாமாக வந்தது என்று நினைத்தால் தவறு. பயணச் செலவு, அரிசி இவற்றோட கம்பளியின் விலையும் தொழிலாளியின் கணக்கில் கடனாக ஏறியது. கடன் தீராமல் தோட்டத்தை விட்டுப் போக முடியாது. வேறு தோட்டத்துக்கு மாற வேண்டும் என்றால், அந்தக் கடனைப் புதிய தோட்டம் ஏற்க வேண்டும் என்று எழுதிய "துண்டு" கையில் இருக்க வேண்டும். துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1921இல்தான். குளிருக்குப் போர்த்தியதும் ஆளைக் கட்டி வைத்த கயிற்றில் ஒரு இழையாக இருந்தது.

1876ஆம் ஆண்டை எடுத்துப் பாருங்க. அந்த வருசம் வேல்ஸில் பிரைஸ் பிரைஸ்-ஜோன்ஸ் என்ற வியாபாரி, காற்றடைக்கும் தலையணை தைத்த கம்பளிப் பை ஒன்றுக்குக் காப்புரிமை எடுத்தார். இன்றைய ஸ்லீப்பிங் பேக்கின் முன்னோடிகளில் அதுவும் ஒன்று. அதே வருசம் சென்னை மாகாணத்தில் பெரும் பஞ்சம் தொடங்கி 1878 வரை நீண்டது. பசிக்குத் தப்பி ஆயிரமாயிரம் பேர் இலங்கை மலைக்கு ஏறினார்கள். ஒரு பக்கம் கம்பளி பயணச் சாமானாக மாறுகிறது. இன்னொரு பக்கம் அதே கம்பளி கடன் புத்தகத்தில் ஒரு வரி. காப்பி நோயில் அழிந்து தேயிலை வந்த பிறகு தோட்டங்கள் இன்னும் உயரத்துக்கு ஏறின. குளிரும் கூடியது.

"அந்த ஆக்களுக்குக் குளிர் பழகிடும்" என்று இப்பவும் சிலர் சொல்லுவாங்க. பழகவில்லை. நெஞ்சுச் சளியிலும் வயிற்றுப்போக்கிலும் தொழிலாளர் சாகச் சாக, அவர்களுடைய பழக்கவழக்கம்தான் காரணம் என்று தோட்டத் தரப்பில் வாதாடினார்கள். சாவு தொடர்ந்ததால்தான் 1872இல் தோட்டங்களுக்கான மருத்துவத் தேவைகள் சட்டம் ஒன்றைக் கொண்டுவர வேண்டி வந்தது.

அப்ப நாம் என்ன எடுத்துக்கொள்ளலாம்? பையில்லாமல் போனால் மேலே போர்த்துவதை விடக் கீழே விரிப்பதை முதலில் பாருங்க. காய்ந்த இலை, சாக்கு, அட்டை எது கிடைத்தாலும் சரி. படுக்கும் முன் ஈர உடுப்பை மாற்றுங்க. பருத்தியை விட்டுக் கம்பளி உடுப்பு எடுங்க. நல்லாச் சாப்பிட்டு, நெருங்கிப் படுங்க. ஒன்று மட்டும் செய்யவே வேண்டாம்: தணலை டென்டுக்குள் கொண்டுபோகாதீங்க. மூடிய இடத்தில் கார்பன் மொனொக்சைட் மணமில்லாமல் ஆளைக் கொல்லும். லயத்து ஆக்கள் அடுப்பை உள்ளே வைத்தது வேற வழி இல்லாமல்.

டென்டடிக்கப் போகிற பாதையோரம் லயங்கள் இன்னும் இருக்கின்றன. இருநூறு வருசம் கழிந்தும் பல குடும்பங்கள் சொந்தக் காணியும் வீடும் இல்லாமல் அந்தக் காம்பிராக்களில்தான் இருக்கிறார்கள். நமக்கு அந்தக் குளிர் ஒரு ராத்திரி. காலையில் வெயில் ஏறினதும் மடித்துக்கொண்டு இறங்கி விடலாம். அவர்களுடைய காணி உரிமைக் கோரிக்கையைக் கேட்கும்போது, சுவரும் தரையும் கூரையும் சேர்ந்துதான் ஒரு மனிதரைக் குளிரில் இருந்து காக்கிறது என்பதையாவது நாம் மறக்காமல் இருக்க வேண்டும்.