ஃபெனிடாயினும் ஷிப்டு நேரமும்: மங்கலம் பகுதித் தறித்தொழிலாளரை முன்வைத்து

அளவு சற்றே கூடினாலும் உடம்பு காட்டிக்கொடுத்துவிடும் வலிப்பு மருந்து ஃபெனிடாயின். 1908இல் ஜெர்மானிய வேதியியலர் ஹைன்ரிஷ் பில்ட்ஸ் இதை உருவாக்கினார். இது வலிப்பை அடக்கும் என்பதை 1938இல் அமெரிக்காவில் மெரிட், பட்னம் இருவரும் கண்டறிந்தனர்.

இதைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளின் திறனுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை நெருங்கியவருக்கு நாளொன்றுக்கு 50 மி.கி. கூட்டினாலே இரத்த அளவு எகிறும். ஒரு மில்லிலிட்டர் இரத்தநீரில் 10 முதல் 20 மைக்ரோகிராம் இருப்பதே வழக்கமான இலக்கு. அதைத் தாண்டும்போது கண்மணி தானே ஆடும். பிறகு நடை தள்ளாடும், நாக்குக் குழறும். சனிக்கிழமை சம்பளத்தன்று இப்படித் தள்ளாடுபவரைக் குடித்திருக்கிறார் என்று ஒதுக்கிவிடுவது எளிது. செவிலியர் முதலில் ஐயுற வேண்டியது மாத்திரையைத்தான்.

மங்கலம் பகுதியின் சிக்கல் மாத்திரைக் கவரில் எழுதும் ‘காலை, இரவு’ என்ற இரண்டு சொற்களில் இருக்கிறது. ராத்திரி ஷிப்டில் விசைத்தறி ஓட்டுபவருக்குக் காலை என்பது படுக்கப்போகும் நேரம். தூக்கத்தில் ஒரு வேளை மாத்திரை தவறும். எழுந்ததும் இரண்டாகச் சேர்த்துப் போட்டுக்கொள்வார். தவறினால் வலிப்பு, இரட்டித்தால் நஞ்சு. எனவே கவரில் எழுத வேண்டியது ஷிப்டு மாறும் மணி. எட்டுக்கு எட்டு ஓடும் தறிக்கூடமானால் காலை எட்டு, இரவு எட்டு. அந்த நேரத்தில் பகல் ஆளும் ராத்திரி ஆளும் விழித்திருப்பார்கள். ஷிப்டு மாறினாலும் பன்னிரண்டு மணி இடைவெளி குலையாது. ஆனால் தூக்கக்கேடே வலிப்பைத் தூண்டும். அதை மாத்திரையால் ஈடுகட்ட முடியாது. பகல் ஷிப்டு கேட்டு மருத்துவர் எழுதும் கடிதமும் சிகிச்சையில் ஒரு பகுதிதான்.

வேறு மருந்துகளையும் கேட்டறிய வேண்டும். காசநோய்க்கான ஐசோநியாசிட் ஃபெனிடாயின் அளவை உயர்த்தும், ரிஃபாம்பிசின் குறைக்கும். கருத்தடை மாத்திரையின் பலனை ஃபெனிடாயின் குறைத்துவிடும். கருவுக்கும் இதனால் தீங்கு நேரலாம் என்பதால், பனியன் கம்பெனிகளில் வேலைபார்க்கும் இளம்பெண்களிடம் செவிலியர் இதைத் தாமாகவே எடுத்துச் சொல்ல வேண்டும். கருவுற்றவர் தாமாக மருந்தை நிறுத்துவது இன்னும் ஆபத்து. தோலில் தடிப்பு கண்டால் அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இம்மருந்தால் வரும் ஈறு வீக்கத்தை நன்றாகப் பல் துலக்கி ஓரளவு தடுக்கலாம். குழந்தைகளுக்கான திரவ மருந்தைக் குலுக்காமல் ஊற்றினால் முதலில் நீர்த்ததும் கடைசியில் செறிந்ததும் போகும்.

சிரைவழி ஏற்றும்போது பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 50 மி.கி. என்பது உச்ச வேகம். முதியவருக்கு அதைவிட மெதுவாக. இதயத்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கண்காணித்தபடியே ஏற்ற வேண்டும். குளுக்கோஸில் கலந்தால் படிகமாகும். நார்மல் சலைன் மட்டுமே பொருந்தும். மருந்து சிரைக்கு வெளியே கசிந்தால் திசு கெடும்.

தறிக்கூடத்தில் வலிப்பு வந்தால் முதல் வேலை தறியை நிறுத்துவது. சாவியைக் கையில் திணிப்பதால் பயனில்லை. வாயிலும் எதையும் வைக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து மணி பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் கடந்தால் 108.