பிரெய்ரி வோலின் துணைப்பிணைப்பும் மூளை வேதியியலும்

பிரெய்ரி வோல் வட அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும், எலியை ஒத்த சிறு கொறித்துண்ணி. ஆணும் பெண்ணும் ஒரே கூட்டில் தங்கிக் குட்டிகளைச் சேர்ந்தே வளர்க்கும். பாலூட்டிகளில் இது அரிது. துணை பிரியாது என்றாலும் பிற வோல்களோடு கூடுவதும் உண்டு. இதன் உறவினங்களான மலை வோலுக்கும் மெடோ வோலுக்கும் நிலையான துணை கிடையாது. விலங்கின் பற்றுதலை ஆராய இதைவிட நல்ல ஒப்பீடு அமைவது கடினம்.

சோதனை எளியது. பழகிய துணையை ஓர் அறையிலும் அந்நியரை இன்னொன்றிலும் கட்டிவைத்து, வோலை மூன்று மணி நேரம் உலவ விடுவார்கள். அது யாரோடு ஒட்டிப் படுக்கிறது என்பதே அளவீடு.

மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உருவாகும் ஆக்சிடோசின், வாசோபிரெசின் என்ற ஹார்மோன்கள் இரண்டும் இப்பிணைப்பில் பங்கேற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒன்பது அமினோ அமிலங்கள். இவை மூன்று இனங்களிலும் உண்டு. வேறுபடுவது அவற்றை ஏற்கும் ஏற்பிகள் மூளையில் அமைந்திருக்கும் இடம். பிரெய்ரி வோலில் அவை இன்ப உணர்வோடு தொடர்புள்ள பகுதிகளில் செறிந்துள்ளன. 2004-இல் எமரி பல்கலைக்கழகத்தில் லாரி யங் குழுவினர், மெடோ வோல் ஆண்களின் முன்மூளையில் வாசோபிரெசின் ஏற்பிக்கான மரபணுவைச் செலுத்தினர். துணை நாடாத அந்த ஆண்கள் பழகிய பெண்ணையே நாடத் தொடங்கின.

டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளின் பங்கு இரட்டையானது. அதன் டி2 ஏற்பிகள் பிணைப்பை உருவாக்குகின்றன. பிணைப்புக்குப் பின் பெருகும் டி1 ஏற்பிகள் புதியவர்களை விரட்டத் தூண்டி, அதைக் காக்கின்றன.

பிரிவும் வேதியியலில் பதிகிறது. பெண் துணையைப் பிரிந்த ஆணை நீரில் விட்டால், நீந்திப் போராடாமல் மிதந்து கிடக்கும். உடன்பிறந்த ஆணைப் பிரிந்தால் அப்படி ஆவதில்லை. மன அழுத்தத்தைத் தூண்டும் சிஆர்எஃப் என்ற மூளைப்பொருளின் ஏற்பியை மருந்தால் அடைத்தபோது அந்தச் சோர்வு நீங்கியது. இதைத் துயரம் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை என்றே தோன்றுகிறது. 2016-இல் வெளியான ஆய்வில், அதிர்ச்சிக்குள்ளான துணையை வோல்கள் நக்கித் தேற்றின. மூளையின் முன் சிங்குலேட் பகுதியில் ஆக்சிடோசின் ஏற்பியை அடைத்ததும் தேற்றுவது நின்றது.

ஆயினும் ஆக்சிடோசினைக் ‘காதல் ஹார்மோன்’ என்றழைப்பது தவறான சுருக்கம். அதன் ஏற்பி மரபணுவே நீக்கப்பட்ட பிரெய்ரி வோல்களும் துணையோடு பிணைந்ததாக 2023-இல் கலிபோர்னிய ஆய்வாளர்கள் காட்டினர். வளர்ந்த விலங்கில் ஏற்பியை மருந்தால் தடுப்பதும் பிறவியிலேயே அது இல்லாதிருப்பதும் ஒன்றல்ல. வளரும் மூளை வேறு வழிகளில் ஈடுசெய்துகொண்டிருக்கலாம். ஏற்பியில்லாத தாய்கள் குட்டி ஈன்று பாலூட்டவும் செய்தன. ஆனால் பால்குடி மறக்கும்வரை பிழைத்த குட்டிகள் குறைவு.