பேரு கிட்னிக்கு, அடி இதயத்துக்கு

1586 டிசம்பர் 12. போலந்து ராஜா ஸ்டீபன் பாத்தோரி, கிராட்னோவில் (இன்றைய பெலாரஸ்) செத்துப்போனார். வயசு 53தான். ரஷ்யாவின் 'பயங்கர' இவானையே போரில் பணிய வைத்த ஆசாமி, சில நாள் படுக்கையோடு முடிந்துவிட்டார். ராஜாவுக்கு வைத்தியம் பார்த்த ரெண்டு இத்தாலியர்கள், சிமோனியஸும் புசெல்லாவும், தப்பு யார் மேல என்று அச்சடித்தே திட்டிக்கொண்டார்கள். பதிவுலகச் சண்டை பார்த்தவர்களுக்கு இது புதுசில்லை :-)

சண்டையை விடுங்க. உடலைப் பதப்படுத்தத் திறந்தவர் குறித்து வைத்ததுதான் முக்கியம். ராஜாவின் சிறுநீரகங்கள் காளைமாட்டுக்கு இருப்பது மாதிரி பெரிசாக, மேலெல்லாம் மேடும் பள்ளமுமாக இருந்தனவாம். பாலிசிஸ்டிக் கிட்னி, அதாவது கிட்னி முழுக்க நீர்க்கட்டிகள், என்று பின்னாளில் டாக்டர்கள் அடையாளம் சொன்ன மிகப் பழைய கேஸ்களில் இது ஒண்ணு. (பெண்களுக்கு வரும் பிசிஓடி வேற, குழப்பிக்காதீங்க.)

1888ல் ஃபெலிக்ஸ் லெஜார் என்ற பிரெஞ்சுக்காரர் இந்த வியாதிக்குப் பேர் வைத்தார். பேர்லயே கிட்னி உட்கார்ந்துவிட்டதால் எல்லார் கண்ணும் அங்கேயே போனது. பிரஷர் பார்க்கலாம் என்றால் வசதியான கருவி கிடையாது. கையில் பட்டை கட்டி அளக்கும் முறையை ரிவா-ரோச்சி கொண்டுவந்ததே 1896ல்தான்.

1957ல் டென்மார்க்கின் டால்கார்டு, 284 நோயாளிகளையும் அவங்க குடும்பங்களையும் துருவி, இது பரம்பரையாக இறங்குவதைக் காட்டினார். அப்பா அம்மாவில் ஒருத்தருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நம்ம பாஷையில் சொன்னா, ரெண்டு காப்பியில் ஒண்ணில் பக் இருந்தாலே புரோகிராம் படுத்துடும். பேக்கப் உதவாது.

அந்தக் காலத்தில் கிட்னி நின்றால் கதை முடிந்தது. டயாலிசிஸும் மாற்று சிறுநீரகமும் வந்த பிறகுதான் ஆட்கள் பிழைத்தார்கள். இந்தியாவின் முதல் வெற்றிகரமான கிட்னி மாற்று நடந்தது நம்ம வேலூர் சிஎம்சியில், 1971ல். இங்கேதான் கதை திரும்புது. கிட்னியிலிருந்து தப்பித்தவர்களை இதயம் பிடித்துக்கொண்டது. அமெரிக்காவின் கொலராடோவில் இந்த நோயாளிகளின் மரணங்களை ஆராய்ந்து 1995ல் வெளியிட்டார்கள். 1975க்குப் பிறகு இறந்தவர்களில் முதலிடம் இதயத்துக்கு. பிரேதப் பரிசோதனை நடந்தவர்களில் பெரும்பாலோருக்கு இதயச் சுவர் தடித்திருந்தது.

ஏன்? கட்டிகள் பெருக்கப் பெருக்க உள்ளே இருக்கிற சின்ன ரத்தக்குழாய்களை நசுக்கும். கிட்னி 'எனக்கு ரத்தம் பத்தலை'ன்னு நினைச்சு ரெனின் சுரக்கும். அது பிரஷரை ஏத்தும். கொடுமை என்னன்னா, கிரியாட்டினின் நார்மலாக இருக்கும்போதே, இருபது முப்பது வயசிலேயே இது ஆரம்பிச்சுடுது. போதாக்குறைக்கு, பழுதான ஜீன் (முதலாவதை 1994ல் கண்டுபிடித்தார்கள்) ரத்தக்குழாய்ச் சுவரிலும் வேலை செய்கிற ஜீன். அதனால் மூளை ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்குவது மற்றவர்களைவிட இவர்களுக்கு அதிகம். குடும்பத்தில் யாருக்காவது அது வெடித்திருந்தால் எம்ஆர் ஸ்கேன் எடுக்கச் சொல்வது இதனால்தான்.

2014ல் வெளியான ஹால்ட் ஆய்வில், ஐம்பதுக்குள் வயசும் ஓரளவு நல்ல கிட்னியும் உள்ளவர்களின் பிரஷரை 110/75க்குக் கீழே இறக்கிப் பார்த்தார்கள். கிட்னி வீங்கும் வேகம் சுமார் 14 சதவீதம் குறைந்தது, இதயத் தடிப்பும் இறங்கியது. ஆனா கிட்னியின் வேலைத்திறனில் மொத்தமாகப் பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது பிரஷர் மாத்திரையில் நிச்சய லாபம் இதயத்துக்கு.

இந்த இடத்தில் சென்னைக்காரர் ஒருத்தரைச் சொல்லாமல் விட முடியாது. சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி. திருவான்மியூரில் அகத்தியருக்கே மருந்து உபதேசித்த மருந்தீஸ்வரர் இருக்கார். மணி செய்த உபதேசம் ரொம்ப எளிமை. அவருடைய கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் 1990களில் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வீடு வீடாக பிரஷரும் சிறுநீரும் பரிசோதிக்க வைத்தது. கொடுத்த மருந்து ரெசர்பின், ஹைட்ரோகுளோரோதயசைடு, ஹைட்ராலசின். எல்லாம் பழசு, ரொம்ப மலிவு. பரம்பரைக் கட்டிக்கென்று தனியாக ஆரம்பித்த திட்டம் இல்லை அது. ஆனா பாத்தோரியின் கையில் ஒருத்தரும் கட்டிப் பார்க்காத அந்தப் பட்டையை, அந்தப் பெண்கள் ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து கட்டினார்கள்.