தாது வருஷப் பஞ்சமும் திருச்சபையின் வளர்ச்சியும்

துன்பம் விசுவாசத்தை வளர்க்கும் என்று பிரசங்கபீடத்திலிருந்து நாம் எளிதாகக் கூறிவிடுகிறோம். அக்கூற்று எவ்வளவு தூரம் மெய்யானது, எவ்விடத்தில் ஆபத்தானது என்பதை வரலாற்றைக் கொண்டு ஆராய்வது நம் கடமையாகும். ஆரப்பாளையத்தில் வைகைக் கரையோரம் நடப்பவர், ஆற்றில் நீரைக் காணும் நாட்களைவிட மணலைக் காணும் நாட்களே மிகுதி என்பதை அறிவர். இவ்வாற்றை நம்பி வாழும் மதுரைச் சமவெளி 1876 முதல் 1878 வரை அனுபவித்த பெரும்பஞ்சம் நம் ஆராய்ச்சிக்குத் தக்க உரைகல்லாகும்.

1876இல் பருவமழை பொய்த்தது. தாது வருஷத்தில் தொடங்கியமையால் மக்கள் அதனைத் தாது வருஷப் பஞ்சம் என்றே வழங்கினர். தென்னிந்தியாவில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பலர் பிழைப்பு நாடி இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குச் சென்றனர். ஆயினும் அக்காலத்திலும் தானியம் இந்தியாவிலிருந்து கப்பலேறிக்கொண்டிருந்தது. 1877இல் வைசிராயின் பிரதிநிதியாக வந்த ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்தோரின் கூலியை நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும் எனக் குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையரான கார்னிஷ் அதனை வன்மையாக எதிர்த்தார். ஆகவே அப்பஞ்சம் வானம் பொய்த்ததால் மட்டும் நேர்ந்ததன்று. மனிதர் வகுத்த கொள்கையாலும் கொடிதாயிற்று.

இதே ஆண்டுகளில் திருச்சபைகள் பெருகின. 1834இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனும் பஞ்ச நிவாரணத்தில் ஈடுபட்டது. திருநெல்வேலியில் கால்டுவெல் பேராயரின் பொறுப்பிலிருந்த சபைகளை ஏறத்தாழ 16,000 பேர் புதிதாக நாடினர். சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள் என்னும் ஏளனம் அன்றே எழுந்தது. அவர்களுடைய சந்ததியார் பலர் அச்சொல்லின் வடுவை இன்னும் சுமக்கின்றனர்.

இவ்வேளனத்துக்கு அன்றைய சென்னை மாகாணத்தின் வட பகுதியிலிருந்த ஓங்கோல் ஒரு விடை தருகிறது. அங்குப் பணியாற்றிய பாப்டிஸ்து மிஷனெரி ஜான் கிளஃப், பக்கிங்காம் கால்வாயில் மூன்றரை மைல் தோண்டும் வேலையைக் குத்தகைக்கு எடுத்து, பசித்தோருக்கு வேலையும் கூலியும் அளித்தார். நிவாரணம் நடைபெற்ற ஏறத்தாழ பதினைந்து மாதங்கள் அவர் எவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்க இசையவில்லை. நிவாரணம் முடிந்த பின்னரும் மக்கள் வந்தனர். 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். அதனைக் கொடுத்தவர்கள் இந்தியப் போதகர்களே. வந்தவர்களுள் மிகுதியானோர் மாதிகர். செத்த மாட்டிறைச்சியை உண்ண மறுத்து, திருவிழாவில் பறையடிக்க மறுத்தமைக்காக அச்சமூகத்துக் கிறிஸ்தவர்கள் பஞ்சத்துக்கு முன்னரே ஊராரின் ஒடுக்குதலை ஏற்றவர்கள். அவர்களுடைய விசுவாசம் கஞ்சித் தொட்டியில் பிறந்ததன்று என்பது இதனால் விளங்கும்.

பவுல் அப்போஸ்தலர் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில் உபத்திரவத்திலிருந்து பொறுமைக்கும், அதிலிருந்து நம்பிக்கைக்கும் ஏறிச்செல்லும் படிகளைக் காட்டுகிறார். ஆனால் உபத்திரவம் தானாகவே அப்பலனைத் தரும் என்று அவர் கருதவில்லை. ஊற்றப்பட்ட தேவ அன்பையே அதற்கு ஆதாரமாக வைக்கிறார். பஞ்சம் ஒருவரையும் பரிசுத்தராக்கவில்லை, இலட்சக்கணக்கானோரைக் கொன்றது. சபையை வளர்ப்பதற்காகக் கடவுள் பஞ்சத்தை அனுப்பினார் என்பது மாண்டவர்களுக்கும் கடவுளுக்கும் செய்யும் அநீதியாகும். தாங்களும் மனிதரே என்று கண்டவர்கள் அக்கண்டுபிடிப்பைக் கைவிடாமல் பஞ்சத்தைக் கடந்தனர். வளர்ச்சி என்பது அதுவே.

அன்பு சபையின் வேலிக்குள் அடங்கி நிற்கவுமில்லை. குஞ்சரத்தம்மாள் என்னும் தாசி தன் உடைமைகளை விற்றுக் கஞ்சி வார்த்ததை மதுரை மக்கள் வாய்மொழியாக இன்றும் நினைவுகூர்கின்றனர். பஞ்சத்தின் படிப்பினையால் விரைவு பெற்ற பெரியாற்று அணைத்திட்டம் 1895இல் நிறைவேறி வைகைக்கு நீர் தந்தது. கஞ்சி ஒரு நாளைப் பசியை ஆற்றியது. அணையோ பசியின் காரணத்தைத் தொட்டது.

துன்புறுவோரிடம் செல்லும் ஆயர்களும் இறையியல் மாணவர்களும் இவ்வொழுங்கை மறவாதிருப்போமாக. முதலில் உணவு, பின்னர் துன்பத்தின் காரணத்தைக் குறித்த கேள்வி. துன்பத்தின் பொருள் என்ன என்பதை, அதை அனுபவித்தவரே சொல்லட்டும். நாம் அருகிலிருந்து கேட்போம்.