தகைவிலான் எங்கே போகிறது?

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் வசந்தத்தைப் பறவைகளை வைத்துத்தான் எண்ணுவார்கள். மார்ச் பாதியில் சிஃப்சாஃப், ஏப்ரல் நடுவில் தகைவிலான், ஏப்ரல் கடைசிக்குள் குக்கூ, மே முதல் வாரத்தில் உழவாரன். நம்மூரில் பண்டிகைத் தேதிகளைச் சொல்வதுபோல இதைச் சொல்வார்கள். சசெக்ஸில் ஹீத்ஃபீல்டு என்று ஓர் ஊர். அங்கே ஏப்ரல் 14 அன்று கூடும் சந்தையில் ஒரு கிழவி தன் கூடையிலிருந்து குக்கூவைத் திறந்துவிடுவாள், அதற்குப் பிறகுதான் நாட்டில் வசந்தம் என்று ஒரு பழங்கதை உண்டு. குக்கூ என்றதும் நம் குயிலை நினைத்துவிடக் கூடாது. அது வேறு பறவை. தன் பெயரையே கூவுகிற சாம்பல் நிறப் பறவை.

தகைவிலான் நமக்கும் தெரிந்ததுதான். வயல் ஓரத்து மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்குமே, முதுகு கருநீலமாக மின்ன, வால் இரண்டாகப் பிளந்து, அதேதான். நம்மிடம் வருபவை வடக்கு ஆசியாவிலிருந்து வரும் பனிக்கால விருந்தாளிகள். ஆங்கிலேயருக்கோ அது தொழுவத்திலும் வாசல் முகப்பிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற வீட்டுப்பிள்ளை. அந்தப் பிள்ளை ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போய்விடும். எங்கே போகிறது? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், ஆங்கிலேயர்கள் பறவையைப் பார்க்கக் கற்றுக்கொண்ட வரலாறு முழுவதும் வந்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பதில்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. தகைவிலான்கள் பொந்துகளில் ஒளிந்து குளிர்காலத்தைக் கழிக்கின்றன என்று அரிஸ்டாட்டில் எழுதினார். 1555இல் ஸ்வீடனின் பேராயர் ஓலாஸ் மாக்னஸ் தன் புத்தகத்தில் ஒரு படமே போட்டுவிட்டார்: மீனவர்கள் வலையை இழுக்கிறார்கள், மீனோடு சேர்ந்து தகைவிலான்களும் வருகின்றன. 17ஆம் நூற்றாண்டில் சார்லஸ் மார்ட்டன் என்ற ஆங்கிலப் பாதிரியார், பறவைகள் நிலவுக்குப் போகின்றன என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சனும், அவை திரண்டு உருண்டையாகி ஆற்றுக்கு அடியில் தூங்குகின்றன என்றுதான் நம்பினார்.

சிரிக்கலாம். ஆனால் ஒரு நிமிஷம் அவர்கள் இடத்தில் நின்று பாருங்கள். வௌவால் தூங்குகிறது, முள்ளெலி தூங்குகிறது, தவளை சேற்றுக்குள் போய்விடுகிறது. 20 கிராம் எடையுள்ள குருவி கடலையும் பாலைவனத்தையும் தாண்டிப் போகிறது என்பதைவிட, அது பக்கத்துக் குளத்தில் தூங்குகிறது என்பதுதான் புத்திசாலித்தனமான பேச்சாக இருந்திருக்கும்.

இந்தக் கேள்வி யாரையும்விட அதிகமாக வதைத்தது கில்பர்ட் வைட்டை. ஹாம்ப்ஷயரில் செல்பார்ன் என்ற கிராமத்தில் 1720இல் பிறந்து, அங்கேயே உதவிப் பாதிரியாராக வாழ்ந்து, 1793இல் அங்கேயே இறந்தவர். கல்யாணம் கிடையாது. பெரிய பதவி கிடையாது. ஊருக்குப் பின்னால் பீச் மரங்கள் அடர்ந்த ஒரு சரிவு, ஹாங்கர் என்று பெயர். அதுவும் வயல்களும் ஓடைகளும்தான் அவர் உலகம். தாமஸ் பென்னன்ட், டெய்ன்ஸ் பாரிங்டன் என்ற இரண்டு அறிஞர்களுக்கு அவர் எழுதிய கடிதங்கள், ‘செல்பார்னின் இயற்கை வரலாறு’ என்ற புத்தகமாக 1789ஆம் ஆண்டுப் பதிப்பாக வந்தன. இன்றுவரை அச்சில் இருக்கிற புத்தகம்.

வைட்டின் தம்பி ஜான் ஜிப்ரால்டரில் படைப்பிரிவின் பாதிரியார். ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் கைநீட்டித் தொட்டுக்கொள்ளும் இடம் அது. வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் தகைவிலான் கூட்டங்கள் நீரிணையைக் கடப்பதைத் தன் கண்ணால் பார்த்து ஜான் அண்ணனுக்கு எழுதினார். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? வைட் அதை நம்பினார். ஆனால் முழுசாக நம்ப முடியவில்லை. கூட்டம் போன பிறகும் நவம்பரில் ஒரு நல்ல வெயில் நாளில் இரண்டு மூன்று பறவைகள் திடீரென்று தென்படும். அவை எங்கிருந்து வந்தன? கடைசியாகப் பொரித்த குஞ்சுகள் நெடும்பயணம் போகத் திராணியில்லாமல் இங்கேயே எங்காவது ஒளிந்து தூங்குகின்றனவோ?

அவர் கண்முன்னாலேயே ஒரு சோதனை நடந்துகொண்டிருந்தது. 1780இல் அத்தை இறந்தபோது அவருடைய ஆமை வைட்டிடம் வந்து சேர்ந்தது. பெயர் டிமோத்தி. ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் அது தோட்டத்து மண்ணைத் தோண்டி உள்ளே போகும். தகைவிலான்கள் திரும்பும் நாட்களில் மேலே வரும். ஒன்று மண்ணுக்குள்ளே போய் வருகிறது, இன்னொன்று கடலைத் தாண்டிப் போய் வருகிறது, இரண்டும் ஒரே காலத்தில். குழம்பாமல் என்ன செய்வார் மனிதர்? (டிமோத்தி பெண் ஆமை என்பது அது செத்த பிறகுதான் தெரிந்தது. ஓடு இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.) 1781 வசந்தத்தில், ஹவுஸ் மார்ட்டின் என்ற தகைவிலான் இனப் பறவைகள் கடைசியாகச் சுற்றிக்கொண்டிருந்த சரிவில் ஆள்விட்டுப் புதர்களையும் பொந்துகளையும் கிளறிப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதையும் கடிதத்தில் எழுதிவைத்தார்.

வைட்டிடம் எனக்குப் பிடித்த இடம் இதுதான். தனக்குப் பிரியமான ஊகத்தை அவர் சாட்சியாக மாற்றவில்லை. ஆதரவாக ஒரு வதந்தியாவது கிடைக்காமலா போயிருக்கும்? குளத்தில் குருவி கிடைத்தது என்று சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். அவர் தேடியது, நேரில் பார்த்த ஒரே ஒரு ஆளை. அப்படி ஒருவர் கடைசிவரை வரவில்லை.

அவருடைய காது இன்னொரு பெரிய காரியம் செய்தது. இலைகளுக்கு நடுவே துள்ளும் பச்சை மஞ்சள் கதிர்க்குருவி ஒன்று, பார்க்க எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். அதில் மூன்று இனங்கள் இருக்கின்றன என்று 1768இல் வைட் தெளிவாகப் பிரித்துச் சொன்னார். ஒன்று இறங்குவரிசையில் இனிமையாகப் பாடும், வில்லோ வார்ப்ளர். இன்னொன்று ‘சிஃப்-சாஃப்’ என்று இரண்டே சுரத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லும். மூன்றாவது உயரத்து பீச் கிளைகளில் நடுங்கி நடுங்கிச் சிலம்பும் வுட் வார்ப்ளர். மூன்றையும் அவர் கையில் வைத்து அளந்தும் பார்த்தார், அதாவது சுட்டுத்தான். அந்தக் காலத்தில் வேறு வழி தெரியாது. ஆனால் சந்தேகம் வந்தது காதில்.

அதே ஆண்டிலிருந்து அவர் தினமும் ஒரு குறிப்பேடு எழுதினார். பாரிங்டன் அச்சிட்டுத் தந்த படிவம்: காற்று, வெப்பநிலை, மழை, முதலில் பூத்த செடி, முதலில் வந்த பறவை, கடைசியாகப் போன பறவை. இறப்பதற்குச் சில நாள் முன்புவரை அதை நிறுத்தவில்லை. நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் இதே வேலையை 1736இலேயே தொடங்கிவிட்டிருந்தார். முதல் தகைவிலான், முதல் குக்கூ, ஓக் மரத்தின் முதல் துளிர் என்று வசந்தத்தின் 27 அடையாளங்கள். வைட்டின் புத்தகத்தைப் படித்துவிட்டு 80 வயது தாண்டிய மார்ஷம் அவருக்குக் கடிதம் எழுதினார். 70 வயது வைட் பதில் எழுதினார். ‘எங்கள் ஊருக்கு இன்ன தேதி, உங்கள் ஊருக்கு?’ என்கிற மாதிரி இரண்டு கிழவர்களும் வசந்தத்தைப் பரிமாறிக்கொண்டார்கள். மார்ஷம் இறந்த பிறகும் அவர் குடும்பம் விடவில்லை. 1958 வரை தலைமுறை தலைமுறையாகக் குறித்தார்கள். எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால் அவர்களிடம் பதில் இருந்திருக்குமா, சந்தேகம்தான். பிற்காலத்தில், பூமி சூடாவதால் வசந்தம் எவ்வளவு முன்னால் நகர்ந்திருக்கிறது என்று ஆராய வந்தவர்களுக்கு அந்தத் தாள்கள் பொக்கிஷமாகின.

19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் வைட்டைக் கொண்டாடினார்கள், கையில் துப்பாக்கியோடு. அரிதான பறவை என்றால் சுடு, முட்டை என்றால் எடு, பாடம் செய்து கண்ணாடிப் பெட்டியில் வை. செத்த பறவைதான் சான்று. இங்கிலாந்தில் கானமயிலின் உறவான பெரிய பஸ்டர்டு கடைசியாகக் கூடு வைத்தது 1832இல். பெண்களின் தொப்பிக்கும் மேலாடைக்கும் இறகு தேவைப்பட்டதால், ஏரிகளில் வாழும் கொண்டை முக்குளிப்பான் 1860 வாக்கில் சில டஜன் ஜோடிகளாகக் குறைந்துபோனது.

இதை எதிர்த்துக் கிளம்பியவர்கள் பெரும்பாலும் பெண்கள். மான்செஸ்டரை ஒட்டிய டிட்ஸ்பரியில் எமிலி வில்லியம்சன் 1889இல் தன் வீட்டில் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். உறுப்பினர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இறகு அணிவதில்லை என்று உறுதி எடுப்பது. (தீக்கோழி இறகுக்கு மட்டும் விலக்கு.) 1904இல் அரச அங்கீகாரம் பெற்று இன்று ஆர்.எஸ்.பி.பி. என்று அழைக்கப்படும் மாபெரும் அமைப்பு அதிலிருந்து வளர்ந்ததுதான். இறகு இறக்குமதிக்குத் தடைச் சட்டம் 1921இல் வந்தது. 32 வருஷப் போராட்டம்.

அதே காலத்தில் எட்மண்ட் செலூஸ் என்பவர், கொல்வதில் தனக்கிருந்த ஆசையை விட்டுவிட்டுப் பறவைகளை மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தார். 1901இல் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பே ‘பறவை பார்த்தல்’. 1912 வசந்தத்தில் ஜூலியன் ஹக்ஸ்லி என்ற இளைஞர் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் ட்ரிங் நீர்த்தேக்கங்களுக்கு விடுமுறையில் போய், முக்குளிப்பான் ஜோடிகள் நேருக்கு நேர் எழும்பித் தலையாட்டி ஆடும் காதல் நடனத்தைத் தொலைநோக்கியில் கவனித்துக் குறித்தார். விலங்குகளின் நடத்தையை ஆராயும் அறிவியலுக்கு அந்தக் கட்டுரை ஒரு தொடக்கப் புள்ளி. யோசித்துப் பாருங்கள், அம்பது வருஷத்துக்கு முன்னால் அந்தப் பறவையின் கொண்டைக்கும் மார்புத் தோலுக்கும்தான் விலை.

சரி, தகைவிலான்? அதன் பதில் ஒரு அலுமினிய வளையத்தில் வந்தது. காட்டுப் பறவையின் காலில் எண் பொறித்த வளையம் மாட்டிப் பறக்கவிடும் முறையை 1899இல் டென்மார்க்கின் பள்ளி ஆசிரியர் மார்ட்டென்சன் தொடங்கிவைத்தார். பத்து வருஷம் கழித்து, லண்டன் பதிப்பாளர் ஹாரி விதர்பி தன் பறவை இதழின் வாசகர்களைக் கூட்டி அதை இங்கிலாந்தில் ஆரம்பித்தார். 1911 மே 6 அன்று ஸ்டாஃபோர்ட்ஷயரில் மேஸ்ஃபீல்டு என்ற வழக்கறிஞர், தன் வீட்டு வாசல் முகப்பில் கூடு கட்டியிருந்த தகைவிலானின் காலில் ஒரு வளையத்தை மாட்டினார். எண் பி830.

1912 டிசம்பர் கடைசியில் விதர்பிக்கு ஒரு கடிதம் புறப்பட்டது. தென்னாப்பிரிக்காவில், நட்டாலின் உட்ரெக்ட் என்ற ஊரிலிருந்து ஒரு ஓட்டல்காரர் எழுதியது. பக்கத்துப் பண்ணைவீட்டுக்குள் டிசம்பர் 23 அன்று ஒரு தகைவிலான் பிடிபட்டது, காலில் விதர்பியின் லண்டன் முகவரி போட்ட வளையம் இருக்கிறது, எண் பி830. அவ்வளவுதான் விஷயம். அரிஸ்டாட்டிலிலிருந்து ஜான்சன்வரை நீண்ட வழக்கில் தீர்ப்பு எழுதியது, அந்தப் பறவையின் பெருமை ஏதும் தெரியாத ஒரு பண்ணைக்காரரும் ஒரு தபாலும். செல்பார்னில் தேடிய இடத்துக்கும் பதில் கிடைத்த இடத்துக்கும் நடுவே ஒரு கண்டமே கிடந்தது. பாவம் வைட், 120 வருஷம் முன்னாலேயே போய்விட்டார்.

அறிவு வளர்ந்தால் ஏமாற மாட்டோம் என்றில்லை. அந்தக் கடிதம் புறப்பட்ட ஓரிரு மாதத்தில், 1913 பிப்ரவரியில், ரிச்சர்ட் லைடெக்கர் என்ற பெரிய விலங்கியலாளர், குக்கூவின் குரலைக் கேட்டதாக ‘டைம்ஸ்’ பத்திரிகைக்கு எழுதினார். வருஷத்தின் முதல் குக்கூவை அந்தப் பத்திரிகைக்கு எழுதுவது ஆங்கிலேயர் வழக்கம். ஆனால் பிப்ரவரி? சில நாளில் இன்னொரு கடிதம்: பக்கத்துக் கட்டட வேலையில் இருந்த ஒரு சித்தாள் குக்கூ மாதிரி கத்தியிருக்கிறான். கேட்டதைத் தேதி போட்டு எழுது, தப்பென்றால் அதையும் எழுது. இது வைட்டின் மரபுதான்.

குக்கூவுக்கு வளையம் அவ்வளவாக உதவவில்லை. 2011இல்தான் பிரிட்டிஷ் பறவையியல் அறக்கட்டளை நார்ஃபோக்கில் ஐந்து குக்கூக்களின் முதுகில் செயற்கைக்கோள் கருவி கட்டியது. அவை காங்கோ காடுகள்வரை போவது தெரிந்தது. சில இத்தாலி வழியாகவும் சில ஸ்பெயின் வழியாகவும் போயின. ஸ்பெயின் வழியில் போனவை அதிகம் செத்தன என்று 2016இல் ஆய்வு வந்தது. இங்கிலாந்தில் குக்கூ 1980களிலிருந்து பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது. வைட் காதால் பிரித்த மூன்று கதிர்க்குருவிகளில் சிஃப்சாஃப் நன்றாக இருக்கிறது, சில குளிர்காலத்திலும் ஊரைவிட்டுப் போவதில்லை. வுட் வார்ப்ளர் ஆபத்துப் பட்டியலில், சிவப்பில் இருக்கிறது. அவர் ஆள்விட்டுத் தேடிய ஹவுஸ் மார்ட்டினும், மே மாதத்து உழவாரனும் 2021இல் அதே சிவப்புப் பட்டியலுக்குப் போயின.

1778இல் வைட் ஒரு கடிதத்தில் செல்பார்னின் உழவாரன்களை எண்ணிச் சொல்கிறார்: எட்டு ஜோடி. பாதிக்கு மாதா கோவிலில் கூடு, மற்றவை ஏழைகளின் தாழ்ந்த கூரை வீடுகளில். ஒவ்வொரு வருஷமும் குஞ்சு பொரிக்கின்றன, ஆனால் அடுத்த மேயில் அதே எட்டு ஜோடிதான் வருகின்றன, கூடுதலாகப் பிறந்தவை என்ன ஆகின்றன என்று கேட்கிறார். அவரால் அதற்கும் பதில் சொல்ல முடியவில்லை. கூரையை நிமிர்ந்து பார்த்து எண்ணினார், எண்ணிக்கையை எழுதினார். இன்று ஒரு கிராமத்தில் உழவாரன் குறைந்துவிட்டது என்று ஒருவர் சொன்னால், எதைவிடக் குறைந்தது என்று அடுத்தவர் கேட்பார். செல்பார்னில் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. எட்டு ஜோடி.